எல்லோரும் நாத்திகர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பதவியேற்புச் செய்திகளில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுத்தவர் மறுநாள் நாளிதழ்களில் 'நாத்திகர்' ஆகிவிடுகிறார். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வாசகங்களைத் தருகிறது: கடவுள் பெயரால் ஆணையிடுவது ஒன்று, உளமார உறுதி கூறுவது இன்னொன்று. எதை எடுத்தாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆணையிடவே வேண்டாம் என்று மத்தேயு நற்செய்தியில் (5:34) உள்ளதை அப்படியே கடைப்பிடிக்கும் கிறித்தவரும் இரண்டாவதைத்தான் எடுப்பார். ஆகவே 'கடவுள் பெயரைக் குறிப்பிடாமல் உறுதி கூறினார்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. அது 'உளமாற' அல்ல, 'உளமார' என்பதையும் கவனிக்க வேண்டும். உளம் ஆர, அதாவது நெஞ்சு நிறைய. றகரம் போட்டால் மனம் மாறிச் சொன்னதாகிவிடும். பதவியேற்கும் நாளன்றே ஒருவரை அப்படி எழுதலாமா?

'நாத்திகம்' என்பதே இடம் மாறிய சொல். 'ந அஸ்தி', 'இல்லை' என்பது அதன் வேர். எது இல்லை என்பதில்தான் சிக்கல். மனு நூல் (2:11) வேதத்தை இகழ்பவனை நாஸ்திகன் என்கிறது. அந்தக் கணக்கில் சமணரும் பௌத்தரும் நாத்திகர். உலகைப் படைத்த கடவுளை ஒப்பாத மீமாம்சகரோ (வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவப் பிரிவினர்) வேதத்தை ஏற்பதால் ஆத்திகர்! இன்று நாம் கடவுள் இல்லை என்பவரைத்தான் நாத்திகர் என்கிறோம். பழைய பொருளை எடுத்து, மதுரையைச் சுற்றியுள்ள மலைகளைப் பற்றிய கட்டுரைகளில் 'நாத்திகச் சமணர்' என்று எழுதினால் வாசகர் தவறாகத்தான் புரிந்துகொள்வார். கீழக்குயில்குடிப் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகச் செதுக்கி, செய்வித்தவர் பெயரை வட்டெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வழிபாடு இல்லாதவர்கள் செய்கிற வேலையா அது? 'வேதத்தை ஏற்காத சமணர்' என்று எழுதினால் குழப்பமே இல்லை.

குறளில் 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான்' (850) அலகையாக, அதாவது பேயாக, வைக்கப்படுகிறான். அங்கே 'கடவுள்' என்ற சொல் கிடையாது. கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என்று விரித்தவர் பரிமேலழகர். குறளே நாத்திகரைப் பேய் என்றது என எழுதுவோர் உரையைக் குறளாகக் கொள்கிறார்கள்.

இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வேறு. கடவுள் உண்டா இல்லையா என்று அறிய வழியில்லை என்னும் நிலைக்கு 'அக்னாஸ்டிக்' என்ற பெயரை 1869இல் தாமஸ் ஹக்ஸ்லி உருவாக்கினார். இதை 'அறியாமைவாதம்' என்று பெயர்ப்பது வசை. 'அறியவொணாக் கொள்கை' பொருந்தும்; சற்றே கரடுமுரடு, ஆனாலும் நேர்மையானது. வெறும் சந்தேகத்துக்கு 'ஐயம்' இருக்கவே இருக்கிறது. மங்கிய ஒளியில் நிற்பது குற்றியோ மகனோ, அதாவது கட்டையோ ஆளோ, என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவுகட்டுவது திரிபு. தருக்க நூலார் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் கொடுத்திருக்க, ஐயப்படுகிறவரையும் மறுக்கிறவரையும் ஒரே பட்டியில் அடைப்பானேன்?

பேச்சுவழக்கு இதில் தெளிவாக இருக்கிறது. 'எனக்குச் சாமி நம்பிக்கையெல்லாம் இல்லைங்க' என்பவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். 'சாமின்னு ஒண்ணு இல்லவே இல்லை' என்பவர் உலகத்தைப் பற்றிச் சொல்கிறார். 'கடவுள் மறுப்பாளர்' என்ற பெயர் பின்னவருக்கே பொருந்தும்.

'மதச்சார்பற்ற' என்பது அரசுக்கு உரிய அடைமொழி. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழி முகப்புரையில் சேர்ந்தது. கோயிலுக்கு அன்றாடம் போகிறவரும் அந்தக் கொள்கை உடையவராக இருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மதம் குறிப்பிடாதவர் சுமார் 28.7 லட்சம் பேர். அவர்களை 'நாத்திகர்' என்று தலைப்பிடுவதும் இதே தவறுதான். கட்டத்தை வெறுமையாக விடக் காரணங்கள் பல.

'கருப்புச் சட்டைக்காரர்' என்பதையும் கொஞ்சம் பார்த்து எழுதலாம். கார்த்திகை பிறந்துவிட்டால் மாசி வீதிகளில் எதிர்ப்படுகிற கருப்புச் சட்டைகளில் பெரும்பாலானவை மாலை போட்டவர்களுடையவை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.