பார்படோஸ் கடற்கரையில் உதவிய அம்மாவுக்கு நன்றி

பார்படோஸ் தீவின் மேற்குக் கரையில், திடீர் மழைக்கு ஒரு மரத்தடியை நோக்கி ஓடிய எங்களைக் கத்தி நிறுத்தியவர் நீங்கள். இளநீர் விற்றுக்கொண்டிருந்தீர்கள். பெயர்கூடக் கேட்க வாய்க்கவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

அது மன்சனீல் மரம். இலையிலும் பட்டையிலும் உள்ள பால் கடும் நஞ்சு. மழையில் அது கரைந்து மேலே சொட்டினாலே தோல் கொப்பளிக்கும். பச்சை ஆப்பிள் போன்ற சிறு கனி இனிய மணம் வீசும், தின்றால் தொண்டை வெந்துவிடும். என் மகள் அதைப் பொறுக்கத்தான் முன்னால் ஓடினாள். சில மரங்களின் அடிமரத்தில் எச்சரிக்கையாகச் சிவப்பு வளையம் பூசியிருப்பதை நீங்கள் காட்டிய பிறகே கவனித்தோம். வேர்கள் மணலரிப்பைத் தடுப்பதால் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். இவ்வளவு பொறுமையாக யார் விளக்குவார்கள்!

மறுநாள் தீவின் கிழக்குக் கரையிலுள்ள பாத்ஷீபா ஊருக்குப் போகிறோம் என்றதும் உங்கள் முகம் மாறியது. அங்கே அட்லாண்டிக்கின் நீரோட்டம் இழுத்துவிடும், நீந்தவே கூடாது, பாறைகளுக்கு நடுவே தேங்கும் குளங்களில் உட்காருங்கள் என்றீர்கள். அப்படியே செய்தோம். பழைய பவளத்திட்டிலிருந்து பிரிந்து, அலையால் அடிப்பகுதி அரிக்கப்பட்டுக் குடைக்காளான்களாக நிற்கும் அந்தப் பெரும் பாறைகளை என் மகள் அச்சமின்றிப் பார்த்து ரசித்தாள்.

அம்மா, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.