100 வரட்டும், பிறகு வெட்டு: 'சீக்ரெட் ஆஃப் மானா' வீடியோ கேம் ஆடத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ராபைட் என்ற முயல் போன்ற குட்டி எதிரியை ஏழெட்டு முறை வெட்டியும் சாகவில்லை, வாள் வேலையே செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். வாளில் குறையில்லை. ஒரு முறை வீசியதும் திரையின் அடியில், உன் எச்பி (உயிர்ப் புள்ளி) எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் ஓடுகிறதே, அதைப் பார். அது 100 ஆகும் முன் மறுபடி வீசினால் அடி பட்டும் படாமலும் போகும். ஏ பட்டனை அழுத்தி ஓடினாலும் அந்தச் சதவீதம் காலியாகிவிடும், எனவே ஓடிப்போய் வெட்டுவதும் வீண். வீசு, விலகு, 100 வந்ததும் உள்ளே போ. முதல் ஒரு மணி நேரத்துக்கு இது மட்டும் கைக்குப் பழகினால் போதும்.

இதை ஆட்டமே சொல்லியிருக்கலாம்தான். 1993 ஆகஸ்டில் ஸ்கொயர் நிறுவனம் இந்த ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது. முதலில் சூப்பர் ஃபாமிகாம் என்ற நிண்டெண்டோ கேம் கருவிக்கு வரவிருந்த சிடி கருவிக்காகத் திட்டமிட்டார்கள். அந்தக் கருவி வராமலே போக, எல்லாவற்றையும் வெட்டிச் சுருக்கி 16 மெகாபிட் கார்ட்ரிட்ஜில் அடைத்தார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க டெட் வூல்சிக்குக் கிடைத்தது 30 நாள். எழுத்துரு வேறு இடத்தை அடைத்ததால் வசனங்கள் இன்னும் குறுகின. உனக்குக் குறிப்புகள் போதாமல் இருப்பது அதனால்தான்.

ஆடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேவ் செய்து, அணைத்து, மறுநாள் போட்டுப் பார். சேவ் காணாமல் போயிருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளி இருந்தால் கார்ட்ரிட்ஜின் மேலுறையைத் திறக்கலாம். தகடு பற்றவைத்தே விற்கும் சிஆர்2032-ஐத்தான் வாங்க வேண்டும். வெறும் பேட்டரி மேல் ஈயம் வைத்தால் சூடேறிப் பாழாகும், வெடிக்கவும் கூடும். பலகையில் ப்ளஸ் குறி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் பழையதை எடு. மாற்றும்போது பழைய சேவ் அழிந்துவிடும், அதனால் பாதி ஆட்டத்தில் இந்த வேலையில் இறங்காதே.

அடுத்து நீ எரிச்சல்படப்போவது கூட்டாளிகளிடம். உன்னோடு வரும் பெண்ணோ, மந்திரம் போடும் குட்டிப் பையன் ஸ்பிரைட்டோ ஒரு பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். மூவரும் ஒரே திரைக்குள் இருந்தாக வேண்டும் என்பதால் நீயும் நகர முடியாது. செலக்ட் பட்டனை அழுத்தி அவர்களையே கையில் எடுத்துச் சுற்றி நடத்திவா. வளைய மெனுவில், கூட்டாளிகள் எப்படிச் சண்டை போட வேண்டும் என்று குறிக்க 4க்கு 4 கட்டங்கள் உள்ள ஒரு பலகை இருக்கிறது. பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளில் ஸ்பிரைட்டை எதிரியிடமிருந்து விலகி நிற்கும் பக்கத்துக்கு அதில் தள்ளி வை. இல்லையென்றால் முதலில் விழுவது அவன்தான்.

பலரும் ஆட்டத்தைக் கைவிடும் இடம் சூனியக்காரி எலினியின் கோட்டை. அங்கே ஸ்பைக்கி டைகர் என்ற புலி பாஸைச் சந்திக்கும்போது உன்னிடம் மந்திரம் எதுவும் இருக்காது. எந்தப் பொருளும் நாலுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே எச்பி ஏற்றும் மிட்டாய் நாலு, சாக்லேட் நாலு, விழுந்தவரை எழுப்பும் கப் ஆஃப் விஷஸ் அந்த நாலுக்குள் எத்தனை வாங்க முடியுமோ அத்தனையும் நிரப்பிக்கொண்டு போ. புலி உருண்டு வரும்போது எதிர்க்காதே, மூவரையும் ஒரே வீச்சில் சாய்த்துவிடும். மேல் திட்டில் ஏறி நெருப்பு உமிழும்போது பூமராங் போலத் தூரம் போகும் ஆயுதம் கைகொடுக்கும். அது கீழே இறங்கி நிற்கும் நொடியில் 100-இல் ஒரே வெட்டு, உடனே விலகல். நேரமாகும், பரவாயில்லை.

மந்திரம் தரும் நீர் ஆவி உண்டீன் கிடைத்ததும் நிலைமை அடியோடு மாறும், ஏனென்றால் மந்திரத்தை எந்த எதிரியாலும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் மந்திரத்தின் நிலை பயன்படுத்தினால்தான் ஏறும். சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, எம்பி (மந்திரப் புள்ளி) குறைவாகப் பிடிக்கும் மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போடு. தீர்ந்ததும் தூங்கி எழுந்து வா. பிற்பாடு நிலவு ஆவி லூனா வந்தபின் ஸ்பிரைட்டின் மேஜிக் அப்சார்ப் மந்திரம் எதிரியிடமிருந்தே எம்பியைக் கறந்து கொடுக்கும், சத்திரமே தேவைப்படாது. நிலை ஏறாமல் நின்றுவிட்டால் உன் மேல் தப்பில்லை. கதையில் அடுத்த மானா விதை வரை போனால்தான் உச்சவரம்பு உயரும். ஆயுதங்களும் அப்படித்தான்: பாஸ்களிடமும் பெட்டிகளிலும் கிடைக்கும் உருண்டையைக் கொல்லன் வாட்ஸிடம் கொடுத்து ஆயுதத்தை அடித்து மேம்படுத்த வேண்டும். அந்த நிலையைத் தாண்டித் திறன் ஏறாது.

ஆட்டத்தின் கடைசி பாஸான மானா பீஸ்டுக்கு இப்போதே ஒன்று சொல்லிவைக்கிறேன். சாதாரண வாள் அதைக் கீறக்கூட கீறாது. பெண், ஸ்பிரைட் இருவரும் ட்ரையாட் என்ற மர ஆவி தரும் மானா மேஜிக்கை வாளின் மேல் போட்டாக வேண்டும், இருவரும் உயிரோடும் எம்பியோடும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வரும் டார்க் லிச் என்ற பாஸிடமே எம்பியை ஏற்றும் ஃபேரி வால்நட்டைத் தின்று தீர்த்துவிடாதே. நாலில் இரண்டையாவது மிச்சம் வை.

அன்புடன்,
அண்ணன்