கோலமாவில் நீங்கள் போட்ட கோடு

அத்தை,

நாளை உங்களுக்கு வருஷத் திவசம். வருவேன். கூட்டத்தில் இதைப் பேச முடியாது, அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். நம் வீட்டு ஆட்களும் படிப்பார்கள். ஆகவே நான் வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் விஷயத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் போகவில்லை. உங்களுக்குத் தெரியும், போதும்.

அந்த நவராத்திரி சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கொலுவுக்கு முன்னால் பிள்ளைகள். தரையில் கோலமாவால் ஒரே இழுப்பில் கோடு, சீதையைக் காக்க இலக்குவன் கிழித்ததாகச் சொல்வார்களே, அந்தக் கோடு. இராவணன் கால் வைத்ததும் நெருப்பு கிளம்பியது என்று சொல்லி நீங்களே துள்ளிப் பின்னால் போனீர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே, “கோட்டைத் தாண்டினதாலதானே சீதைக்கு அத்தனை கஷ்டம்” என்றீர்கள்.

“அந்தக் கோடு வால்மீகியிலயும் இல்ல, கம்பர்லயும் இல்ல அத்தை” என்றேன். சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் முந்தானை நுனியால் கோட்டைத் துடைத்தீர்கள். அதற்கப்புறம் உங்கள் வாயால் நான் கதையே கேட்கவில்லை.

மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. வால்மீகியில் இலக்குவன் வனதேவதைகள் காக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதை மாற்றினார். அவருடைய இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். அவள்மேல் ஒரு விரல் படுவதைக்கூடக் கம்பரால் தாங்க முடியவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கதையை மாற்றினால் அப்படி மாற்ற வேண்டும். நீங்கள் எனக்குச் சொன்ன கதை என் பெட்டியைப் பரண்மேல் ஏற்றியது. அப்போது எனக்குப் பதினேழு வயது, அத்தை.

அந்தக் கோடு உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டதே இல்லை. பாட்டி சொன்னதா? 1987இல் தூர்தர்ஷனில் வந்த தொடரா? ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுத்தான் டிவி முன்னால் உட்காருவீர்கள். வங்காளத்துக் கிருத்திவாசர் இராமாயணத்தில் கோடு உண்டு. தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தில் ஏழு கோடுகள். துளசிதாசர் 1574இல் எழுதத் தொடங்கிய ராமசரிதமானஸில் அதைச் சொல்வது மண்டோதரி. இராமனின் தம்பி கிழித்த சின்னக் கோட்டையே உங்களால் தாண்ட முடியவில்லை, இதுதான் உங்கள் வீரமா என்று புருஷனிடம் கேட்கிறாள். அவமானம் சீதைக்கு இல்லை, இராவணனுக்கு.

இதைப் படித்தபோது நீங்கள் துள்ளிப் பின்வாங்கியது கண்முன் வந்தது. உங்கள் கதையிலும் அது இருந்ததே! பிள்ளைகளுக்கு அந்தப் பாதியைக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஏன் மற்றப் பாதி? பயந்துதான் சொன்னீர்களா? என்னைவிட்டுப் பிரிய மனசில்லையா? அப்படியென்றால் அதையே சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், ஆனால் உங்களை நாலு பேர் முன்னால் வாயடைக்க வைத்திருக்க மாட்டேன்.

என் மகளுக்கு எட்டு வயது. இந்த நவராத்திரிக்கு அவளுக்கு இந்தக் கதையைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன், கோட்டோடுதான். இராவணன் துள்ளுவதை நீங்கள் செய்த மாதிரியே செய்வேன். நேற்று ராத்திரி சமையலறையில் கோலமாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கைக்கு வந்ததுபோல ஒரே இழுப்பில் வரவில்லை, நடுவில் இரண்டு இடத்தில் விட்டுப்போகிறது.