ஆயில் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள்: கார் வடிவமைப்போருக்கும் கையேடு எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

எஞ்சின் வடிவமைக்கும் பொறியாளர்களே, அந்த எஞ்சினுக்குக் கையேடு எழுதுகிறவர்களே,

வணக்கம். சொந்தக் காருக்குத் தாங்களே ஆயில் மாற்றுகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். கேட்பது இரண்டே இரண்டு: எஞ்சினில் ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியான ஆயில் ஸ்டிக், கையேட்டில் ஆயில் மாற்றும் விவரங்களோடு ஒரே ஒரு பக்கம். இரண்டுமே முன்பு இருந்தவைதான். இப்போது பல மாடல்களில் ஸ்டிக் இருந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் இருந்த இடத்திலோ, 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று ஒரு வரி.

முதலில் ஒரு கணக்கு. எல்லாமே நீங்கள் அச்சடித்த எண்கள்தான். எஞ்சின் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஆயில் குடிப்பது இயல்பே என்று பல கையேடுகள் சொல்கின்றன. சில பக்கங்கள் தள்ளி, 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கின்றன. ஸ்டிக்கில் மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் நடுவே உள்ள அளவோ பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர்தான், சிலவற்றில் அதைவிடக் குறைவு. அப்படியானால், நீங்களே இயல்பு என்று சொல்லும் ஓர் எஞ்சின், மேல்குறிவரை ஊற்றிய நாளிலிருந்து 1,000 கிலோமீட்டரிலேயே கீழ்க்குறியைத் தொட்டுவிடலாம். அப்போது அடுத்த சர்வீஸ் வர இன்னும் 14,000 கிலோமீட்டர் இருக்கும். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வேலையைச் சர்வீஸ் சென்டர் செய்யாது. காரை ஓட்டுகிறவர்தான் செய்ய வேண்டும்.

டாஷ்போர்டில் ஆயிலுக்கென்று சிவப்பு விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் குறைந்தாலும் பம்ப்பின் உறிஞ்சு குழாய் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் சரியாகவே இருக்கும், விளக்கும் எரியாது. வளைவில் திரும்பும்போதோ திடீரென்று பிரேக் அடிக்கும்போதோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கும். விளக்கு ஒரு நொடி மினுக்கிவிட்டு அணையும். அந்த ஒரு நொடியில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கிலும் டர்போவின் தண்டிலும் ஆயில் படலம் இல்லை. ஓட்டுநர் விளக்கைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவதற்குள் பேரிங்கின் மேல்பூச்சு உரிந்திருக்கலாம்.

சென்சாரை நாங்கள் வெறுக்கவில்லை. அது ஸ்டிக்குக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம் என்கிறோம். பல சென்சார்கள் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான், சமதளத்தில், சில நிமிடம் எடுத்துக்கொண்டுதான் அளவு சொல்கின்றன. ஆயில் மாற்றுகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பழைய ஆயிலை வடித்தாயிற்று, புதியதை ஊற்றியாயிற்று, எஞ்சின் ஆறிக் கிடக்கிறது. அளவு சரியா என்று தெரிய வேண்டுமானால் எஞ்சினை ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஓட்டலாமா என்று தெரிய அளவு தெரிய வேண்டும்! இந்தச் சிக்கலை அவிழ்க்க இரண்டடி நீளக் கம்பி ஒன்று போதும்.

அந்தக் கம்பி சொல்லும் சேதிகள் வேறு எதிலும் கிடைப்பதில்லை. எஞ்சினை அணைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டால் மேலே ஒட்டியிருக்கும் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். பிறகு ஸ்டிக்கை உருவி, நார் உதிராத துணியால் துடைத்து, கடைசி வரை அழுத்திச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை உருவியதை நம்பக்கூடாது; குழாய்ச் சுவரில் இருந்த ஆயில் தாறுமாறாக அப்பியிருக்கும். இரண்டு முகமும் வேறு வேறு உயரம் காட்டினால் தாழ்ந்ததே உண்மை. பிறகு நுனியில் தொங்கும் துளியை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால், எஞ்சின் சூடாகும் முன்பே முடிந்துபோகும் குட்டிப் பயணங்களால் எரிபொருள் ஆயிலில் கலந்திருக்கிறது. பாலும் காபியும் கலந்த நிறமென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே வந்திருக்கலாம். (ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்மை தெரிந்து ஸ்டிக் சுத்தமாக இருந்தால், அது பெரும்பாலும் வெறும் ஈரம்.) டீசல் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நிறத்தை வைத்து ஆயிலின் ஆயுளை யாரும் கணிக்கவும் முடியாது.

அளவு குறைவதைவிடக் கூடுவதுதான் புதிய டீசல் கார்களில் கவனிக்க வேண்டியது. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் புகைக்கரி வடிப்பான், சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டால் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றுபோகும். இது திரும்பத் திரும்ப நடந்தால் சிலிண்டர் சுவர் வழியே வழிந்த டீசல் சம்ப்பில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டிக்கில் அளவு ஏறும், ஆயில் நீர்த்துப் போகும். மஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-டி எஞ்சின்களின் ஸ்டிக்கில், மேல்குறிக்கும் மேலே 'எக்ஸ்' என்று ஒரு குறி உண்டு. அளவு அதை எட்டினால் ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்பது பொருள். ஒரு கம்பியில் ஒரு கீறல், அவ்வளவுதான் செலவு. மற்றவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை?

இனி, நாங்கள் கேட்கும் அந்த ஒரு பக்கம்.

முதல் வரியில் கொள்ளளவு இருக்கட்டும்: ஃபில்டர் மாற்றினால் எத்தனை லிட்டர், மாற்றாவிட்டால் எத்தனை. வெறும் எஞ்சினுக்குத் தொழிற்சாலையில் ஊற்றும் அளவைப் போடாதீர்கள். வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கும் என்பதால், அந்த எண்ணை நம்பி ஊற்றினால் மிகையாகிவிடும். மிகையானால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரைக்கும். நுரையைப் பம்ப் தள்ளினால் அழுத்தம் நிற்காது. மிச்சம் ஆவிக்குழாய் வழியே உறிஞ்சப்பட்டு எரிந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். எங்கள் வழக்கம் இது: சொன்ன அளவில் அரை லிட்டரை நிறுத்திவைத்து ஊற்றுவோம். எஞ்சினை ஒரு நிமிடம் நின்றபடியே ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்போம். புது ஃபில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும். பிறகு 100 மில்லி, 200 மில்லியாகச் சேர்ப்போம். வடித்த ஆயிலை எடை போட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஒரு லிட்டர் ஏறத்தாழ 850 கிராம். நான்கு லிட்டர் இருக்க வேண்டிய எஞ்சினிலிருந்து இரண்டரைக் கிலோதான் வந்தது என்றால், ஒரு லிட்டர் எங்கோ போயிருக்கிறது.

அடுத்தது தரம். '5டபிள்யூ-30' என்ற பிசுக்கு எண்ணை மட்டும் ஆயில் ஊற்றும் மூடியில் பொறித்தால் போதாது. ஒரே 5டபிள்யூ-30, ஐரோப்பியக் கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏ வகுத்த தரங்களில் சி2 என்றும் வரும், சி3 என்றும் வரும். 150 டிகிரிச் சூட்டில் பேரிங்கின் இடுக்கில் பிதுங்கும்போது சி2-வுக்கு 2.9 மில்லிபாஸ்கல்-நொடி பிசுக்கு இருந்தால் போதும், சி3-க்கு 3.5 வேண்டும். சி3-க்காகக் கட்டிய எஞ்சினில் சி2 மெல்லிய போர்வை. சாம்பல் அதிகம் விடும் ஆயிலைப் புகைக்கரி வடிப்பானுள்ள டீசலில் ஊற்றினால், கரி எரிந்து போகும், சாம்பல் போகாது, வடிப்பான் அடைபடும். ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் வைத்த எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம். பொருந்தாத ஆயில் பெல்ட் ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும், உதிர்ந்த துணுக்குகள் பம்ப்பின் சல்லடையை மூடும். ஆகவே பிசுக்கு எண்ணோடு தரக் குறியீட்டையும் மூடியிலேயே பொறியுங்கள். ஊற்றுகிற கைக்கு அந்த நேரம் கண்ணில் படுவது மூடிதான்.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கு வருவோம். வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் செய்யும் பெரும் சேதம் இங்கேதான், அதில் பாதிப் பழி உங்களுடையது. பல கார்களில் இந்தப் போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். 30 நியூட்டன் மீட்டர் என்பது 30 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் பத்துக் கிலோ அழுத்தம். காரடியில் மல்லாந்து படுத்து, கையை நீட்டி, 'கழன்றுவிடக் கூடாதே' என்ற பயத்தில் இழுப்பவர் அதைப்போல் இரண்டு மடங்கு மூன்று மடங்கு கொடுத்துவிடுவார். சம்ப் அலுமினியம், போல்ட் எஃகு. எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்கதையும் ஒன்று உண்டு: வாஷர். செம்பு வாஷரோ அலுமினிய வாஷரோ ஒருமுறை நசுங்கி உட்கார்ந்ததும் இறுகிவிடும், மறுமுறை வளைந்து கொடுக்காது. பழையதையே போட்டால் சொட்டும். சொட்டினால் இன்னும் இறுக்குவார். இன்னும் இறுக்கினால் மரை வழுக்கும். சிறு வளையம் ஒன்றை மாற்றாததால் சம்ப்பையே மாற்ற வேண்டிய நிலை. போல்ட்டின் மரை அளவு, வாஷரின் உள்விட்டம், முறுக்கம் ஆகிய மூன்று எண்களும் உங்கள் பட்டறைப் புத்தகத்தில் இருக்கின்றன. உரிமையாளர் கையேட்டுக்கு ஏன் அவை வருவதில்லை? ஓ-ரிங்கோடு வரும் பிளாஸ்டிக் பிளக் வைத்திருக்கிறீர்களா? அது ஒருமுறைக்கு மட்டுமா என்பதையும் எழுதுங்கள்.

போல்ட் எது என்பதையும் காட்டுங்கள். சில கார்களில் எஞ்சினின் போல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி, ஏறத்தாழ அதே தலையோடு, கியர்பாக்ஸின் போல்ட் இருக்கிறது. தவறானதைக் கழற்றியவருக்கு ஆயில் வடிகிறது, நிறைவாக இருக்கிறது. மேலே நான்கு லிட்டரை ஊற்றுகிறார். இப்போது எஞ்சினில் எட்டு லிட்டர், கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை. வடிந்தது கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ தண்ணீர்போல் இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். வார்ப்பிலேயே 'எஞ்சின் ஆயில்' என்று இரண்டு சொல் பொறிப்பது உங்களுக்கு ஒருமுறை வேலை.

ஃபில்டர் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, கையேட்டில் இரண்டு வரி போதும். திருகும் வகையென்றால் அதன் ரப்பர் வளையமான கேஸ்கெட்டில் புது ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டதும் கையால் முக்கால் சுற்று, ஸ்பானர் வேண்டாம். பழைய கேஸ்கெட் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கேஸ்கெட் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, சில நிமிடத்தில் சம்ப் காலி. கூட்டுக்குள் தாள் ஃபில்டர் வகையென்றால் மூடியின் ஓ-ரிங் எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு படம் போடுங்கள். மூடியின் முறுக்கத்தை மூடியிலேயே பொறித்திருக்கும் நிறுவனங்களுக்கு எங்கள் நன்றி. ஃபில்டரைப் புகைபோக்கிக் குழாய்க்கு நேர் மேலே தலைகீழாகத் தொங்கவிடும் பொறியாளர் மட்டும், ஒரே ஒருமுறை, அதைத் தாமே கழற்றிப் பார்க்கட்டும்.

காரைத் தூக்குவது பற்றி உங்கள் கையேட்டில் உள்ள படம் டயர் மாற்றுவதற்கு மட்டுமே உதவும். ஒவ்வொரு மூலையிலும் ஜாக் வைக்க ஓரிடம் காட்டுகிறீர்கள். ஜாக் அங்கே நின்றால், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டை எங்கே வைப்பது? ஜாக்கை மட்டும் நம்பிக் காரடியில் போகக்கூடாது என்று எழுதுகிறீர்கள், மிகச் சரி. ஸ்டாண்டுக்கான இடத்தையும் காட்டினால்தானே அந்த எச்சரிக்கையைக் கடைப்பிடிக்க முடியும்? சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ஏற்றப்பலகை போதுமென்றால் அதன் உயரமும் சாய்வும் சொல்லுங்கள். எஞ்சினைக் கீழிருந்து மூடும் அடித்தட்டில் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் ஒரு சிறு கதவு வைத்தால், மூன்று வகைத் திருகும் உடையும் கிளிப்புகளுமாக முழுத் தட்டையும் இறக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, சர்வீஸ் நினைவூட்டியை ரீசெட் செய்யும் வழி. சில கார்களில் மெனுவில் மூன்று தட்டல். சிலவற்றில் தனிக் கருவி வேண்டும். இரண்டாவது வகையில், ஆயில் புதிதாக இருக்கும்போதே 'ஆயில் மாற்றவும்' என்று திரை கத்திக்கொண்டிருக்கும். நாளடைவில் ஓட்டுநர் எச்சரிக்கை எதையுமே மதிக்காமல் பழகிவிடுவார். அதை மெனுவுக்குள் கொண்டுவாருங்கள்.

ஸ்டிக்கைத் திரும்ப வைக்கும்போது அதன் கைப்பிடி பளிச்சென்ற மஞ்சளாக இருக்கட்டும். குறிகளுக்கு நடுவே குறுக்குக் கோடுகளைக் கொத்துங்கள். புது ஆயில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், வழுவழுப்பான கம்பியில் அது எங்கே முடிகிறது என்று வெயிலில் பிடித்தாலும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் காருக்குத் தங்கள் கையாலேயே ஆயில் மாற்றுகிறவர்கள்