வெயிலில் அணைந்துபோகும் ட்ரோன் டேப்லெட்: மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
ட்ரோன் நில அளவைப் பணி செய்யும் வாடிக்கையாளர்,
கரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ட்ரோனுடன் சேர்த்து விற்கப்பட்ட டேப்லெட் வெயிலில் சூடேறி, ட்ரோன் பறந்துகொண்டிருக்கும்போதே அணைந்துவிடுவது – மாற்றுக் கருவி அல்லது பணம் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்திடம் இந்த ஆண்டு பிப்ரவரியில் மேப்பிங் ட்ரோன், ரிமோட், அதன்மேல் பொருத்தும் டேப்லெட் மூன்றும் சேர்ந்த செட்டை வாங்கினேன். பில்லின் நகலையும் சர்வீஸ் சென்டரில் கொடுத்த ஜாப் ஷீட்டையும் இணைத்திருக்கிறேன். ட்ரோனில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. காற்றில் அசையாமல் நிற்கிறது, படங்களும் தெளிவாக இருக்கின்றன. குறை முழுக்க டேப்லெட்டில்தான். மார்ச் கடைசியிலிருந்து உச்சி வெயிலில் இதே கதை: முதலில் ஸ்கிரீன் தானாக மங்குகிறது. அப்புறம் ட்ரோனிலிருந்து வரும் வீடியோ விட்டு விட்டு வருகிறது. கடைசியில் சூடு அதிகம் என்று ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது.

என் தொழில் கல் குவாரிகளை அளப்பது. குழியை மேலிருந்து வரிசை வரிசையாகப் படமெடுத்து, அந்தப் படங்களை வைத்து எவ்வளவு கல் வெட்டப்பட்டிருக்கிறது என்று கன அளவைக் கணக்கிட்டுக் கொடுக்கிறேன். கோடையில் வானிலை அறிக்கை கேட்கிற எல்லோருக்கும் கரூர் பரமத்தி என்ற பெயர் தெரிந்திருக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் அடிக்கடி வருவது. என் வேலை பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். வானிலை மையம் சொல்லும் கணக்கு, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் நிழலில் வைத்து அளந்தது. நேர் வெயிலில் கையில் பிடித்திருக்கும் கறுப்புக் கண்ணாடி அதைவிட எவ்வளவோ அதிகம் சுடும். குவாரியில் பாறையும் அனல் கக்கும்.

ஒரு நாள் சுமார் 80 மீட்டர் உயரத்தில் ட்ரோன் பறந்துகொண்டிருந்தபோது டேப்லெட் அணைந்தது. கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரிமோட்டில், கிளம்பிய இடத்துக்கே ட்ரோனைத் திரும்ப வரவைக்கும் ரிட்டர்ன் டு ஹோம் பட்டனை அழுத்தி, ட்ரோனைக் கண்ணால் பார்த்தபடியே இறக்கினேன். நல்லபடியாக இறங்கியது. ஆனால் பேட்டரி எவ்வளவு மீதி இருக்கிறது, என்ன உயரத்தில் வருகிறது, ஜிபிஎஸ் சரியாகக் கிடைக்கிறதா என்று எதுவுமே தெரியாமல் ஆட்களுக்கு மேலே ஒரு இயந்திரத்தை ஓட்டும் நிலையை யாருக்கும் தரக் கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி பயிற்சி எடுத்து, பைலட் சான்றிதழ் வாங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறேன். கீழே ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

உங்கள் சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஏசி அறையில் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "டேப்லெட்டில் பழுது எதுவும் இல்லை, காலையிலோ மாலையிலோ பறக்க விடுங்கள், வெயிலால் வருவது வாரண்டியில் வராது" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மேப்பிங் வேலைக்குச் சூரியன் தலைக்கு மேல் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் குழியின் சுவர் நிழல் நீளமாக விழுந்து அடிப்பகுதியை மறைத்துவிடும். நிழலுக்குள் இருக்கும் பாறையில், ஒரே புள்ளியை வெவ்வேறு படங்களில் கண்டுபிடித்துப் பொருத்த மென்பொருள் திணறும், கன அளவில் பிழை வரும். அதனால்தான் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணிக்குள் படமெடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மருந்து தெளிக்கும் ட்ரோன் என்றால் காலை, மாலை என்பது நல்ல ஆலோசனைதான். நீங்கள் எனக்கு விற்றது மேப்பிங் ட்ரோன். உங்கள் விளம்பரப் படத்திலேயே ஒருவர் நல்ல வெயிலில் திறந்தவெளியில் நின்றுதான் இதை இயக்குகிறார்.

அதே விளம்பரத்தில் ட்ரோன் 45 டிகிரி வரை இயங்கும் என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். டேப்லெட்டின் கையேட்டிலோ, கடைசிப் பக்கத்தில், 0 முதல் 35 டிகிரி வரை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இது உங்கள் டேப்லெட்டுக்கு மட்டும் உள்ள வரம்பு இல்லை. ஐபேடுக்கும் ஆப்பிள் நிறுவனம் 35 டிகிரி என்றுதான் சொல்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்தும் கருவிக்கு அது போதும். ஆனால் மூன்றையும் ஒரே செட்டாக, ஒரே விலைக்கு விற்கும்போது, அதில் எது முதலில் தோற்குமோ அதன் வரம்புதானே அந்த செட்டின் வரம்பு? அதை வாங்குகிறவரிடம் முன்பே சொல்ல வேண்டாமா? தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் 35 டிகிரிக்குக் கீழே எத்தனை மதியங்கள் இருக்கும்?

வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சூடு உள்ளிருந்தும் வருகிறது. வெளிச்சத்தில் திரை தெரிய வேண்டுமென்றால் பிரகாசத்தை முழுக்க ஏற்ற வேண்டும், டேப்லெட்டில் அதிக மின்சாரம் இழுப்பவற்றில் அதுவும் ஒன்று. வீடியோவை விடாமல் காட்டிக்கொண்டே இருப்பதால் சிப்பும் சுடுகிறது. உள்ளே விசிறி கிடையாது, சூடு பின்பக்கத் தகடு வழியாகத்தான் வெளியேற வேண்டும். நீங்கள் கொடுத்த ஹோல்டரோ அந்தப் பின்பக்கத்தை ரப்பர் வைத்து முழுதாக மூடிவிடுகிறது. போதாததற்கு ரிமோட்டிலிருந்து கேபிள் வழியாக டேப்லெட் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கிறது. லித்தியம் பேட்டரியைச் சூட்டில் சார்ஜ் செய்தால் சூடு இன்னும் ஏறும், அதன் ஆயுளும் குறையும். இந்த சார்ஜை நிறுத்த உங்கள் செயலியில் எந்த வழியும் இல்லை.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ஆள் வைத்துக் குடை பிடிக்கச் செய்தேன். வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு, களத்தில் ஃப்ளைட் மோடில் போடுகிறேன். மற்ற செயலிகளை மூடிவிடுகிறேன். கிளம்பும்வரை டேப்லெட்டைக் காருக்குள் வைக்காமல் நிழலில், துணிப்பையில் வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் கறுப்பு மறைப்பைப் போட்டால் திரை நன்றாகத் தெரிகிறது, ஆனால் உள்ளே காற்று அடைபட்டு இன்னும் சீக்கிரம் சூடாகிறது. ஐஸ் பையில் வைக்கலாம் என்று உங்கள் ஊழியர் ஒருவர் போனில் சொன்னார். தயவுசெய்து இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். சூடான கருவியைத் திடீரென்று குளிர வைத்தால் உள்ளே ஈரம் படியும். இருப்பதில் ஓரளவு பலன் தருவது குடைதான், அதுவும் கத்திரி வெயிலில் போதவில்லை.

என் கோரிக்கை இதுதான். இந்த டேப்லெட்டுக்குப் பதிலாக, உள்ளேயே விசிறி வைத்த, வெயிலிலும் திரை தெரிகிற, குறைந்தது 45 டிகிரி வரை இயங்கும் என்று எழுத்தில் உறுதி தரக்கூடிய கருவி வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால் டேப்லெட்டுக்கும் ஹோல்டருக்கும் உரிய தொகையைத் திருப்பித் தாருங்கள், நானே வேறு வாங்கிக்கொள்கிறேன். பின்பக்கம் திறந்த ஹோல்டரையும், சார்ஜை நிறுத்தும் வசதியையும், அணைவதற்கு முன்பே எச்சரிக்கும் ஒலியையும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் ட்ரோனின் வரம்புக்குப் பக்கத்திலேயே டேப்லெட்டின் வரம்பையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது சரியில்லை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

டேப்லெட்டை மீண்டும் சோதிக்க வேண்டுமென்றால் தாராளமாகச் சோதியுங்கள். ஆனால் ஏசி அறையில் வேண்டாம். உங்கள் தொழில்நுட்ப ஊழியரை ஒரு மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் வேலை செய்யும் குவாரிக்கு அனுப்பி வையுங்கள். உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, ஹெல்மெட்டும் குடையும் தயாராக வைக்கிறேன். இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், எச்சரிக்கை வந்தபோது எடுத்த டேப்லெட் திரையின் படங்கள்.