பர்ரன் மாடுகளையும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அயர்லாந்தின் பர்ரன் சுண்ணாம்புப் பாறை நிலம் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பக்கத்து நகரமான கால்வேயில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். லீவு கிடைத்தால் கிளேர் மாவட்டத்தில், பர்ரனில் உள்ள கேரன் என்ற தேவாலயப் பங்குக்குத்தான் கிளம்புவேன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை" என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தைப் பிடிக்க வந்த கிராம்வெல் படையின் தளபதி லட்லோ எழுதியதைக் கட்டுரையாளர் எடுத்துப்போட்டிருக்கிறார். எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். லட்லோ அதோடு விடவில்லை. ஆனாலும் இவர்களுடைய மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறை இடுக்கில் முளைக்கும் புல் அப்படிப்பட்டது என்றும் எழுதினார். ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டுவார்கள், குளிருக்கு இறக்குவார்கள். இங்கே தலைகீழ். அக்டோபர் கடைசிவாக்கில் மலைக்கு ஏற்றுகிறார்கள். வெயில் காலத்தில் வாங்கிய சூட்டைப் பாறை மெல்ல மெல்லத்தான் விடும். மழைநீர் வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் காலடியில் சேறும் இல்லை. கோடையில் மேலே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, அதனால் கீழே வந்துவிடுகின்றன. முரட்டுப் புல்லை மாடு குளிர்காலத்திலேயே மேய்ந்து தீர்ப்பதால்தான் மே மாதம் ஜென்டியன் என்ற காட்டுப்பூ நீலமாகப் பூக்கிறது. மேய்ச்சல் நின்றால் ஹேசல் புதர் மூடிவிடும். கட்டுரையில் பூவின் படம் இருக்கிறது, மாட்டைத்தான் காணோம்!

அடுத்தது, பவுல்னப்ரோன் கற்திட்டை என்ற பழங்காலக் கல்லறை. அந்தப் பெயருக்கு 'சோகக் குழி' என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் தவறு. அது 'திருகைக் குழி', மாவரைக்கும் கல்திருகையைச் சொல்வது. உருக்கம் வேண்டுமென்றால் 1986இல் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆண் குழந்தையுடையது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை என்று 2020இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு சொன்னது. தாய்ப்பால் குடித்ததற்கான தடயமும் அந்த எலும்பில் இருந்தது.

அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டங்களுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கத்தை 1884இல் தொடங்கியவர்களில் முதன்மையானவரான மைக்கேல் கியூசாக் இந்தப் பங்கில் பிறந்தவர். அவருக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். 'தட்டுகளின் பாதை' என்ற இடத்தை விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தவக்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த துறவி கோல்மனைத் தேடி, குவைர் அரசனின் ஈஸ்டர் விருந்துத் தட்டுகள் ஜன்னல் வழியாகப் பறந்தனவாம். தட்டுகளைத் துரத்திவந்த அரசனின் ஆட்களுடைய குதிரைகளின் குளம்படி என்று இன்றும் பாறையில் காட்டுகிறார்கள். பாவம், துறவியின் சீடர்தான் பசியில் அளவில்லாமல் சாப்பிட்டு இறந்துபோனார். அவருடைய கல்லறையையும் காட்டுகிறார்கள்.

அப்புறம் அந்தக் கடைசிப் படம். 'கேரன் புல்வெளி' என்று போட்டிருக்கிறீர்கள். அது ஏரி. டர்லாக் என்பார்கள். மழைக்காலத்தில் நிலத்தடியிலிருந்து தண்ணீர் ஊறி நிரம்பும், கோடையில் அதே துளைகள் வழியாக வடிந்துவிடும். கட்டுரையாளர் ஜூலையில் போயிருக்க வேண்டும். டிசம்பரில் போயிருந்தால் அவர் கேமராவோடு நின்ற இடத்தில் அன்னங்கள் நீந்தியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்