கற்சிலைக்கு எந்த நிறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

அண்மையில் மட்டக்களப்பில் நடைபெற்ற பாடசாலைக் கண்காட்சியொன்றில், பழைய கோயில் முன்றலை மேசையளவில் அமைத்துக் காட்டும் டயோராமா மாதிரிகள் ஐந்தாறு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு மாணவி செய்திருந்த சிறிய நந்தியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அதன் நெற்றியும் திமிலும் கைபட்டுக் கறுத்து மினுங்கின. வயிற்றின் கீழ்ப்புறம் வெளிறியிருந்தது. வாற்பக்கத்திலும் பீடத்தின் பின்புறத்திலும் மட்டும் பச்சை படர்ந்திருந்தது. அதற்குப் பரிசு கிடைக்கவில்லை. ‘அழுக்காக இருக்கிறது’ என்பதே நடுவர்களுள் ஒருவர் சொன்ன காரணம். முதற்பரிசு பெற்ற மாதிரியிலோ சிலைகள் யாவும் ஒரே சாம்பல் நிறம் பூசப்பட்டு, அதன்மேல் வார்னிஷும் ஏற்றப்பட்டு, அன்று வாங்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் போலப் பளபளத்தன. சித்திரபாடம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

கருங்கல் என்று சொல்லிப் பழகியதால் அது கறுப்பு என்று நினைக்கிறோம். பிள்ளைகளோ சீமெந்தைப் பார்த்துப் பழகியதால் கல் என்றால் சாம்பல் என்று நினைக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. எமது மாவட்டங்களின் நிலத்தடியில் இருப்பது பெரும்பாலும் நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. புதிதாக உடைத்த துண்டொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், வெளிறிய பெல்ஸ்பாரும் கண்ணாடி போன்ற படிகக்கல்லும் கறுப்பு மைக்காவும் ஆகிய கனிமங்கள் வரிவரியாகக் கலந்திருப்பது தெரியும். வெயிலிலும் மழையிலும் நின்ற கல்லில், மைக்கா போன்றவற்றிலுள்ள இரும்பு துருவேறி, மேற்பரப்பு நாளடைவில் மஞ்சள் கலந்த கபில நிறமாகிறது. கருவறையில் இருக்கும் மூலவரின் கறுப்போ, எண்ணெய்க்காப்பும் விளக்குப் புகையும் தலைமுறை தலைமுறையாக ஏற்றி வைத்த கறுப்பு. ஒரே கல் மூன்று இடங்களில் மூன்று நிறமாக இருப்பதனால், சிலை எங்கே நிற்கிறது என்று தீர்மானிக்காமல் தூரிகையைத் தொடுவதில் பயனில்லை.

எங்கே என்பதோடு எந்தத் திசையில், எந்த மாதத்தில் என்றும் கேட்க வேண்டும். மாணவர்கள் இப்போது பார்த்துப் பழகும் செய்முறைக் காணொளிகளில் பல ஐரோப்பியரால் ஆக்கப்பட்டவை. சிலையின் வடபுறத்தில் பாசி வையுங்கள் என்று அவற்றில் சொல்வார்கள். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து செல்லும் அந்த நாடுகளுக்கு அது பொருந்தும். எமக்கோ சூரியன் ஆண்டில் சில மாதங்கள் வடக்கேயும் சில மாதங்கள் தெற்கேயும் சாய்ந்து செல்கிறது. பாசியை வளர்ப்பது மாரி மழை. அது வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவதால், திறந்த வெளியில் நிற்கும் சிலையின் வடகிழக்குப் பக்கமே அதிகம் நனைகிறது. ஐப்பசி தொடங்கித் தை வரையில் பசும் பாசியாக இருப்பது, வறண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காய்ந்து கரும்படலமாகிவிடும். நாடி, முழங்கை, பீடத்தின் விளிம்பு ஆகிய இடங்களிலிருந்து நீர் வடிந்த தடங்கள் கறுத்த கோடுகளாக இறங்கும். அவற்றுக்கு உட்புறமாக உள்ள மறைவிடங்கள் நனையாமல் வெளிறியே கிடக்கும். பொத்துவில் கடற்கரையில் இருக்கும் பழைய கற்சிலைகளைப் போன்றவற்றைச் செய்பவருக்கு வேலை வேறு. உப்புக் காற்று கல்லை மணிமணியாக உதிர்க்கும் என்பதால், அங்கே வர்ணத்துக்கு முன்னரே அரத்தை எடுத்து மூக்கையும் விரல்களையும் மழுக்க வேண்டும்.

அளவுத்திட்டத்தில் ஆசிரியர்களும் தவறுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் தவறியிருக்கிறேன். ஆறடிச் சிலையை 1/24 அளவில் செய்தால் உயரம் மூன்று அங்குலம். அதன்மேல் கல்லின் சொரசொரப்புக்காகக் கடற்கரை மணலை ஒட்டுகிறோம். அரை மில்லிமீற்றர் மணல் அந்த அளவுத்திட்டத்தில் 12 மில்லிமீற்றர் சரளைக்கல்லாகிவிடுகிறது. பல்துலக்கும் பிரஷ்ஷால் தெறிக்கும் கறுப்புப் புள்ளிகளும் அப்படித்தான்: உண்மையான கல்லில் மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள மைக்காத் துணுக்கு சிற்றுருவில் ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்கு, அதாவது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாதது. ஆகவே புள்ளிகளை விட்டுவிட்டு, நிறத்தை மட்டும் இடத்துக்கிடம் சற்று மாற்றுவதே நல்லது. சொரசொரப்பு வேண்டுமானால் சலித்த விறகுச் சாம்பல் போதும்.

செய்முறையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் வர்ணத்தை உறிஞ்சும் என்பதால், நீர் கலந்த பைண்டர் பசையை முதலில் ஒரு தரம் பூசிக் காயவிட வேண்டும். றெஜிபோம் என்னும் இலேசான வெண்ணுரைப் பலகையில் செய்தவர்கள் ஸ்பிரே பெயின்றைப் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது. அது றெஜிபோமைக் கரைத்துவிடும். அடிவர்ணத்துக்கு வெள்ளையோடு கறுப்பை மட்டும் கலந்தால் நீலம் பாய்ந்த சாம்பல்தான் வரும். கபிலத்தையும் சிறிது மஞ்சட்காவியையும் சேர்த்தால் கல் பிறக்கும். அது காய்ந்தபின், மிகவும் நீர்த்த கருங்கபிலத்தைப் பூசிக் குழிகளில் தங்கவிட்டு, மேடுகளில் மட்டும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன்பின் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடுகளில் தடவலாம். ஆனால் பலர் இங்கே நிறுத்தத் தெரியாமல் சிலைக்கு மாப் பூசிவிடுகிறார்கள். செங்கல் தூளும் விளக்குக் கரியும் நல்ல பொடிவர்ணங்கள். மஞ்சள் தூளை மட்டும் தவிர்க்க வேண்டும், வெளிச்சம் பட்டால் அது விரைவில் வெளுத்துவிடும்.

பளபளப்பே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எண்ணெய் ஊறிய மூலவருக்கு அது உரியது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் கல் நந்தி புல்லுண்டதாக ஐதீகம் பேசும் இந்த மண்ணில், நந்தியைத் தொட்டு வணங்காத கை அரிது. அந்தக் கைகள் பட்டுத் தேய்ந்த இடங்களும் மினுங்கவே செய்யும். மழையில் நிற்கும் மற்ற இடங்களுக்கு மினுக்கமில்லாத மட் வார்னிஷ்தான் பொருந்தும். அதையும் மாரி நாளில் ஸ்பிரேயாக அடித்தால் காற்றிலுள்ள ஈரத்தால் வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால், வெயில் எறிக்கும் ஒரு பகலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

நடுவர்களாக அமர்வோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். புள்ளியிடுமுன், இந்தச் சிலை எத்திசை பார்த்து நிற்கிறது, இது எந்த மாதம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்த மாணவியிடம் நான் கேட்டேன். கிழக்கு வாசல் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்து மேற்கு முகமாகத்தானே இருக்கும், கார்த்திகை மழை அதன் பின்பக்கமாகத்தானே அடிக்கும், அதனால்தான் பச்சையை வாற்பக்கத்தில் வைத்தேன் என்றாள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.